நினைவு: அட்டையா, நெசவா?

ஆரணிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் ஆரணிப் பட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதேனும் ஒரு மூலையில் இருக்கக்கூடும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. ஊருக்குள்ளும், சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் தெருவில் நடந்து போனால் வீட்டுக்குள்ளிருந்து கைத்தறியின் ஓசை கேட்கும். அத்தகைய வீடு ஒன்றினுள் நுழைந்து, தறியின் மேற்புறத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலைபோல் தொங்கும். அதுதான் ஜக்கார்டு பெட்டி. பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய அமைப்பு இது.

நெசவாளர் மிதியை அழுத்துகிறார். ஓர் அட்டை முன்னே வருகிறது. துளை உள்ள இடத்தில் கொக்கி மேலே எழுகிறது. துளை இல்லாத இடத்தில் எழுவதில்லை. எழுந்த கொக்கி தனக்குரிய பாவு இழையைத் தூக்குகிறது. இடையே நாடா ஓடுகிறது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. அட்டைகள் ஒரு சுற்று வந்ததும் கரையில் ஒரு மயிலோ மாங்காயோ முழுமை பெற்றுவிடுகிறது. யார் நெய்தாலும், எந்த நாளில் நெய்தாலும், அதே மயில்தான்; அதே மாங்காய்தான்.

மனித நினைவும் இப்படிப்பட்டதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். படித்தது மூளையில் துளையாக விழுகிறது. வேண்டும்போது அட்டை முன்னே வருகிறது. பதித்தது பதித்தபடியே வெளிப்படுகிறது. ‘கல்மேல் எழுத்து’, ‘பசுமரத்தாணி’ என்று நாம் பேசுவதெல்லாம் இந்த எண்ணத்தின் வேறு உருவங்களே. இந்த எண்ணம் பேச்சோடு நின்றுவிட்டால் கேடு இல்லை. ஆனால் அது வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. தேர்வு நெருங்கும் நாளில் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்க முடியாத பிள்ளையைப் பார்த்து, “உனக்கு ஞாபகசக்தியே கிடையாது” என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் நம்பிவிடுகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளையானால், “எனக்குப் படிப்பு ஏறாது; தறிக்கே போய்விடுகிறேன்” என்று முடிவுகட்டவும் கூடும். தறிக்குப் போவது தாழ்வன்று. ஆனால் ‘நினைவு இல்லாதவன்’ என்ற பொய்யான பட்டத்தைச் சுமந்துகொண்டு போவது அநியாயம்.

இந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க வேண்டுமானால், நினைவைப் பற்றி உளவியல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு இரண்டு நூல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ் 1885-இல் வெளியிட்ட ‘நினைவு பற்றி’ என்னும் சிறு நூல். மற்றொன்று, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியரான பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ‘நினைவுகூர்தல்’ என்னும் பெரிய நூல். இத்துறையில் பின்னால் வந்த ஆய்வுகளுக்குப் பாவு போட்டவை இவை இரண்டும் எனலாம். இவற்றின் நிறை என்ன, குறை என்ன, ஆரணித் தறியின் முன்னே வைத்துப் பார்த்தால் எது தேறுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதல் நூல்: தன்னையே சோதித்த மனிதர்

எபிங்காஸின் துணிச்சலை முதலில் பாராட்டியாக வேண்டும். நினைவு என்பது கண்ணுக்குத் தெரியாதது. அதை அளக்க முடியாது என்று அறிஞர்கள் பலர் எண்ணியிருந்த காலம் அது. எபிங்காஸிடம் தனிக் கூடம் இல்லை, கருவிகள் இல்லை, சோதனைக்கு ஆட்களும் இல்லை. அவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். 1879-80, 1883-84 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சோதனைகளைச் செய்தார்.

பொருள் உள்ள சொற்களை மனப்பாடம் செய்தால், ஒரு சொல்லோடு முன்பே உள்ள பழக்கம் குறுக்கிடும்; கணக்கு கெட்டுவிடும். எனவே பொருளே இல்லாத அசைகளை அவர் உருவாக்கினார். தமிழில் சொல்வதானால் ‘நேப்’, ‘ழூக்’, ‘யெட்’ என்பனபோல. இப்படி ஏறத்தாழ 2,300 அசைகள்! அவற்றை வரிசைகளாகப் பிரித்து, நிமிடத்துக்கு 150 அசை என்ற சீரான வேகத்தில் படித்து, பிழையின்றிச் சொல்ல வரும்வரை உருப்போட்டார். பிறகு சில நிமிடங்கள், சில மணி, சில நாட்கள் இடைவெளி விட்டு, அதே வரிசையை மீண்டும் கற்றார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் குறைந்தது? அந்த மிச்சம்தான் நினைவின் அளவு என்றார். எடுத்துக்காட்டாக, முதல் முறை 1,000 வினாடி தேவைப்பட்டு, மறுநாள் 660 வினாடி போதுமானதாக இருந்தால், மிச்சம் 34 விழுக்காடு.

எவ்வளவு எளிய, அழகிய முறை பாருங்கள்! ‘மறந்தே போய்விட்டது’ என்று நாம் கைவிட்ட பாடத்தைத் திரும்பப் படித்தால் விரைவில் வந்துவிடுகிறது அல்லவா? நினைவுக்கு வராததெல்லாம் அழிந்துபோனது அன்று என்பதை இந்த முறை காட்டிவிடுகிறது.

அவர் கண்ட முடிவுகள் இவை: ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்குப் பின் 44, ஒரு நாளுக்குப் பின் 34, 6 நாட்களுக்குப் பின் 25, 31 நாட்களுக்குப் பின் 21. மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக விழுகிறது, பிறகு மெதுவாகிறது. இந்தச் சரிவுக்கோடு வெறும் தற்செயலன்று. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர்கள் இதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய அதே வடிவமே கிடைத்தது.

மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் மற்றொரு முடிவும் அந்நூலில் உண்டு. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததும், மூன்று நாட்களில் பிரித்து மொத்தம் 38 முறை படித்ததும் மறுநாள் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. தேர்வுக்கு முந்தின இரவு முழுதும் விழித்து உருப்போடும் அன்பர்கள் இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதல் நூலின் குறை

இவ்வளவு பெருமை உடைய நூலில் குறை என்ன? பொருளை நீக்கிவிட்டு நினைவை அளந்ததுதான்.

பட்டின் தரத்தை ஆராய விரும்பும் ஒருவர், சாயமும் ஜரிகையும் குறுக்கிடுகின்றன என்று அவற்றை நீக்கி, முறுக்கையும் பிரித்து, கடைசியில் கையில் நிற்கும் ஒற்றை இழையை மட்டும் இழுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? இழையின் வலிமை தெரியும். புடவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்றாட வாழ்வில் நாம் யாருமே பொருளற்ற அசைகளை நினைவில் வைப்பதில்லை. உறவுகளை, வழிகளை, கடன்களை, கதைகளை, கைத்தொழிலை நினைவில் வைக்கிறோம்.

இந்தக் குறை எபிங்காஸுக்கும் தெரியாமல் இல்லை. அவரே ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டான் ஜுவான்’ காவியப் பகுதிகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலும் ஏறத்தாழ 80 அசைகள். ஒன்பது முறைக்குள் படிப்பதே போதுமானதாக இருந்தது. அதே அளவு பொருளற்ற அசைகளுக்கு எழுபது, எண்பது முறை வேண்டியிருந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அதாவது, பொருளும் ஓசையும் சேர்ந்தால் உழைப்பு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தமது நூலிலேயே மிகப் பெரிய உண்மை இதுதான். ஆனால் அதை ஓர் ஓரமாகச் சொல்லிவிட்டு அவர் மீண்டும் அசைகளுக்கே போய்விட்டார் என்பது நம் வருத்தம்.

நம் முன்னோர் எதுகை, மோனை, அந்தாதி ஆகியவற்றைக் கைக்கொண்டதில் இந்தப் பயனும் அடங்கியிருக்கிறது. ஒரு செய்யுளின் முடிவே அடுத்த செய்யுளின் தொடக்கம் என்றால், முதல் பாட்டு கைக்கு வந்ததும் அடுத்தது தானே பின்னால் வருகிறது. வெற்று அசைகளுக்கு இப்படிப்பட்ட பிடிமானம் எதுவும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. சோதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அவரும் நன்கு படித்தவர். மனப்பாடம் செய்து பழகியவர். அவருடைய எண்களை எல்லோருக்கும் பொருத்தி, ‘ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோகும்’ என்று பொதுவிதிபோல மேடைகளில் பேசுவதும், நினைவாற்றல் பயிற்சி விளம்பரங்களில் அச்சிடுவதும் தவறு. எதை, யார், எப்படிக் கற்றார் என்பதைப் பொறுத்து அந்த எண்கள் மாறும். கோட்டின் வடிவத்தை நம்பலாம்; எண்களைத் தலைவிதியாகக் கொள்ளக்கூடாது.

இரண்டாம் நூல்: கதை மாறிய கதை

பார்ட்லெட் இதற்கு நேர் எதிரான வழியில் போனார். ‘பொருளை நீக்கினால் மனிதனே நீங்கிவிடுகிறான்’ என்பது அவர் கட்சி. அவர் அசைகளை எடுக்கவில்லை. ஒரு கதையை எடுத்தார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை அது. ‘பேய்களின் போர்’ என்று பெயர். இரண்டு இளைஞர்கள் ஆற்றங்கரைக்குச் சீல் வேட்டைக்குப் போகிறார்கள். படகுகளில் சிலர் போருக்குப் போக வருகிறார்கள். இளைஞர்களில் ஒருவன் உடன் செல்கிறான். அவன் அடிபடுகிறான், ஆனால் வலி தெரியவில்லை. வீடு திரும்பி நடந்ததைச் சொல்கிறான். சூரியன் உதிக்கும்போது அவன் வாயிலிருந்து கருமையான ஏதோ ஒன்று வெளிவர, இறந்துபோகிறான்.

ஆங்கிலேயர் சிலரிடம் இக்கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்தும், பிறகு நாட்கள், மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் அதை நினைவிலிருந்து எழுதச் செய்தார். கதை மாறிக்கொண்டே போயிற்று. பழங்குடியினரின் மரக்கலம் சாதாரணப் ‘படகு’ ஆயிற்று. சீல் வேட்டை ‘மீன்பிடித்தல்’ ஆயிற்று. வாயிலிருந்து வந்த கரும்பொருள் ‘வாயில் நுரை தள்ளியது’ ஆயிற்று. புரியாத பேய்கள் சிலருடைய கதையிலிருந்து மறைந்தே போயின. கதை சுருங்கியது, அதே நேரத்தில் ஆங்கிலேயர் காதுக்கு ஒழுங்கானதாகவும் ஆயிற்று.

இதிலிருந்து பார்ட்லெட் கண்டது என்ன? நினைவுகூர்தல் என்பது அட்டையை எடுத்து மாட்டுவது அன்று. மனத்தில் முன்பே இருக்கும் அறிவு, பழக்கம், விருப்பம் ஆகியவற்றாலான ஓர் அமைப்பைப் பாவாகக் கொண்டு, கிடைத்த சில இழைகளை ஊடையாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் புதிதாக நெய்வதே நினைவு. நெய்யும்போது இழை அறுந்த இடத்தில் நம்மை அறியாமலே வேறு இழையைப் பிணைத்துவிடுகிறோம். பிறகு எது பழைய இழை, எது புதிய இழை என்று நமக்கே தெரிவதில்லை.

வாசகர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சிறுவயதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்களும் உங்கள் உடன்பிறந்தாரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு கதைகள் கிடைக்கும்.

பார்ட்லெட்டின் நூலில் நம் ஆரணிக்கு மிக நெருக்கமான ஒரு பகுதியும் இருக்கிறது. இன்று எஸ்வாத்தினி என்று பெயர் பெற்றுள்ள ஆப்பிரிக்க நாடான ஸ்வாசிலாந்துக்கு அவர் சென்றிருந்தார். அங்கு ஒரு பண்ணையார் ஓர் ஆண்டுக்கு முன் வாங்கிய மாடுகளைப் பற்றி, மாடு மேய்ப்பவர் ஒருவரிடம் கேட்டார். எந்த மாடு, என்ன நிறம், யாரிடமிருந்து, என்ன விலை என்று அவர் வரிசையாகச் சொன்னார். கணக்கேட்டோடு ஒப்பிட்டால் அற்பமான இரண்டு தவறுகளே இருந்தன. அப்படியானால் அந்த மக்களுக்கு அபூர்வ நினைவாற்றலா? இல்லை. அங்குள்ள ஒரு சிறுவனிடம் பல விவரங்கள் கொண்ட சாதாரணச் செய்தி ஒன்றைக் கொடுத்தனுப்பினால், ஆங்கிலச் சிறுவன் எவ்வளவு சொல்வானோ அவ்வளவே அவனும் சொன்னான். மாடு அந்தச் சமூகத்தின் வாழ்வு. வாழ்வோடு பிணைந்தது நினைவில் நிற்கிறது.

இப்போது ஆரணிக்கு வாருங்கள். அனுபவம் மிக்க நெசவாளர் ஒருவரிடம் தொடர்பற்ற 12 எண்களைப் படித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களையும் என்னையும்போல அவரும் ஏழெட்டில் தடுமாறுவார். பிறகு போன ஆண்டு அவர் நெய்த புடவைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடலின் நிறம், கரையின் நிறம், முந்தானையின் வேலைப்பாடு, எந்தப் பாவில் இழை அடிக்கடி அறுந்து தொல்லை தந்தது என்பதுவரை பேச்சு நீளக்கூடும். ஒரே மனிதருக்கு இரண்டு ‘ஞாபகசக்தி’ எப்படி வந்தது? எபிங்காஸின் நூலில் இதற்கு விடை இல்லை. பார்ட்லெட்டின் நூலில் இருக்கிறது.

இரண்டாம் நூலின் குறை

ஆயினும் பார்ட்லெட்டையும் நாம் முழுதாக ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது. எபிங்காஸிடம் மிகுதியாக இருந்த ஒழுங்கு இவரிடம் குறைவு. யாருக்கு எவ்வளவு நாள் கழித்துச் சோதனை என்பதில் சீரில்லை. எண்களும் அதிகம் இல்லை. ‘உங்களுக்கு நினைவில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்’ என்று கண்டிப்பாகச் சொன்னாரா என்பதும் தெளிவில்லை. 1967-இல் கால்டு, ஸ்டீபன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் அப்படிக் கண்டிப்பாகச் சொல்லிச் சோதித்தபோது, கதையில் புகுத்தப்படும் புதுச்சரக்கு பெரிதும் குறைந்தது. எழுதியவர்கள் தாமே சேர்த்ததை ஓரளவு அறிந்தும் இருந்தார்கள். எனவே பார்ட்லெட் கண்ட மாற்றங்களில் ஒரு பகுதி நினைவின் தவறு அன்று. கதையை நிரப்பி எழுத வேண்டும் என்ற ஆர்வத்தின் விளைவு.

அதனால் அவர் கோட்பாடு விழுந்துவிட்டதா? இல்லை. 1999-இல் அமெரிக்காவில் பெர்க்மன், ரோடிகர் ஆகியோர் பழைய கதையையே வைத்து ஒழுங்கான முறையில் சோதித்தபோது, காலம் செல்லச் செல்லக் கதை சிதைவது மீண்டும் உறுதியாயிற்று. ஆனால் ‘நினைவு எல்லாமே கற்பனை’ என்று சிலர் பார்ட்லெட்டின் பெயரால் சொல்வது மிகை. ஸ்வாசிலாந்து மேய்ப்பரின் பட்டியலே அதற்கு எதிர்ச்சான்று. அதைத் தந்தவரும் பார்ட்லெட்டே.

சென்னையில் பிறந்த நினைவு வல்லுநர்

இரண்டு நூல்களும் போதுமான அளவு தொடாத ஒரு கேள்வி இருக்கிறது. சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க நினைவாற்றல் இருப்பது ஏன்? கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அமர்வில் நூறு செயல்களைக் கவனத்தில் வைத்து விடையிறுக்கும் கலை அது. இத்தகையோரைக் கண்டால் ‘தெய்வ வரம்’ என்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம்.

அறிவியல் அப்படி நகர்ந்துவிடவில்லை. சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் என்பவர் 1981 ஜூலை 5-ஆம் நாள் மங்களூரில், ‘பை’ என்னும் கணித மாறிலியின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்து உலக சாதனை படைத்தார். பின்னர் அமெரிக்காவில் உளவியல் பயின்ற அவரைக் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1993-இல் ஒரு நூலே எழுதினார்கள். எண்களுக்கான பெரிய கொள்ளளவு அவருக்கு இயல்பிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

ஆனால் எரிக்சனும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் 2004-இல் வேறு முடிவுக்கு வந்தார்கள். ‘பை’யின் இலக்கங்களை மனப்பாடம் செய்ய அவர் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கிறார், எண்களைத் தொகுத்துப் பிடிக்கும் முறைகளை அந்த உழைப்பில் கற்றிருக்கிறார், ஆற்றலின் வேர் அங்கேதான் என்றார்கள். இதற்குத் துணையான வேறு ஒரு செய்தியும் உண்டு. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், படங்கள் எந்த இடத்தில் இருந்தன என்று நினைவில் வைக்கும் சோதனையில் அவர் சாதாரண மனிதர்களைப் போலவே இருந்தார். எண்களின் மன்னர், படங்களின் முன்னே நம்மில் ஒருவர்!

1980-இல் வெளியான மற்றோர் ஆய்வு இதைவிடத் தெளிவானது. ஏழு எண்களுக்கு மேல் திருப்பிச் சொல்ல முடியாத ஒரு கல்லூரி மாணவர், ஒன்றரை ஆண்டுக்கு மேல், 230 மணி நேரம் பயின்று 79 எண்கள் வரை எட்டினார். அவர் ஓட்டப் பந்தய வீரர். எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டு நினைவில் வைத்தார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். ‘பொது ஞாபகசக்தி’ என்ற ஒரு தசை வலுப்பெறவில்லை. ஒரு துறையில் ஒரு நெசவு கைவந்தது, அவ்வளவே. எதையும் மறக்காத மூளையைச் சில வாரங்களில் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கையின் நினைவு

இரு நூல்களும் விட்டுவிட்ட மற்றொன்று, கையின் நினைவு. நாடாவை எந்த வேகத்தில் விட வேண்டும், அச்சை எவ்வளவு அழுத்தி அடிக்க வேண்டும் என்று ஒரு நெசவாளரிடம் கேட்டால் சொல்லத் தெரியாமல் சிரிப்பார். ஆனால் அவர் கைக்குத் தெரியும்.

இந்த நினைவு தனி வகை என்பது ஒரு துயரமான நிகழ்ச்சியால் தெரியவந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைத் தடுக்க மூளையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கு இருபுறமும் நீக்கப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலார், கண்ணாடியில் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின் மேல் கோடு வரையும் பயிற்சியைத் தந்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை! 2008-இல் இறக்கும்வரை அவர் ஆய்வுக்கு உதவிக்கொண்டே இருந்தார். கல்வி என்றாலே ஒப்பிப்பது என்று எண்ணுவோர், கையின் இந்தக் கல்வியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்றாவதாக ஒரு நூல்

நூல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் இதற்கு ஓர் அழகிய விளக்கம் இருக்கிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே நூற்கும் கதிர் என்கிறது அது. கவனியுங்கள்: அறிவைப் பெட்டி என்றோ மூட்டை என்றோ அது சொல்லவில்லை. சுழன்று முறுக்கேற்றும் கதிர் என்றது.

அதே பாயிரம் மாணவன் கற்கும் முறையையும் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி இரண்டு பங்கும் நிறைகின்றன என்பது அதன் கருத்து. ‘இன்றைய உளவியல் முழுவதையும் நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்’ என்று மார்தட்ட நான் இதை எடுக்கவில்லை. கால், அரை என்பவை சோதனையில் அளந்த எண்கள் அல்ல, அனுபவத்தின் மதிப்பீடு. ஆனால் அந்த அனுபவம் பிழையானதன்று என்பதற்கு இன்று சோதனைச் சான்று உண்டு.

2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு முறை படித்து, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து இருமுறை படித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: இருமுறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. எடுத்துச் சொல்லும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது. அட்டையை எத்தனை முறை மாட்டினாலும் துளை தேயுமே தவிர உறுதியாகாது. நினைவோ பயன்படுத்தப் பயன்படுத்த உறுதியாகிறது. அட்டை உவமை இங்கே முற்றிலும் தோற்றுவிடுகிறது.

தீர்ப்பு

இனி நம் மதிப்பீட்டைச் சொல்லிவிடலாம். எபிங்காஸின் நூல் மறதியின் வேகத்தைச் சரியாக அளந்தது. ஆனால் மறக்கும் மனிதனை விட்டுவிட்டது. பார்ட்லெட்டின் நூல் மனிதனைக் கண்டுகொண்டது. ஆனால் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாவு மட்டும் புடவை ஆகாது; ஊடை மட்டும் புடவை ஆகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தை ஒப்பிக்க முடியாத பிள்ளையிடம் ‘ஞாபகசக்தி இல்லை’ என்று சொல்லாதீர்கள். அறிவியல் அப்படி ஒரு தீர்ப்பை அனுமதிக்கவில்லை. “இந்தப் பாடத்தைக் கட்டுவதற்கு இவனிடம் இன்னும் பாவு இல்லை” என்று வேண்டுமானால் சொல்லுங்கள். பாவு போட்டுத் தருவது நம் வேலை. விகிதக் கணக்கைப் பாவு இழைகளின் எண்ணிக்கையிலும், சமச்சீரைக் கரையின் மாங்காயிலும், வேதியியலைச் சாயத் தொட்டியிலும் தொடங்கினால், ஆரணிப் பிள்ளைக்கு எங்கே பிடிமானம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு மூன்று சொற்கள். ஒரே இரவில் படிக்காமல் பல நாட்களாகப் பிரித்துப் படியுங்கள். புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முடிந்தால் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். புதிதாகப் படிப்பதை உங்களுக்கு முன்பே தெரிந்த ஏதேனும் ஒன்றோடு பிணையுங்கள். இந்த மூன்றுக்கும் பணம் வேண்டாம். பயிற்சி வகுப்பு வேண்டாம்.

பழைய பாவு முடியும் தறுவாயில் நெசவாளர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றைக்கூட விட முடியாது. பொறுமை வேண்டிய வேலை. அடுத்த முறை ஒரு பாடம் நினைவில் நிற்கவில்லை என்று தோன்றினால், உங்கள் மூளையை நொந்துகொள்ளாதீர்கள். எந்த இழையோடு அதைப் பிணைக்காமல் விட்டோம் என்று தேடிப் பாருங்கள்.